பாஸ்வேர்டு கேட்பவனைத் தண்டியுங்கள்

போன வாரம் டாலிகஞ்சில் விடாத மழை. சாயங்காலம் கவுண்ட்டர் மூடின நேரத்துக்கு எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தன் வந்து என் மேஜையில் ஒரு பழுப்புக் கவரை வைத்தான். நன்றாக ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டிருந்தான். மறுநாள் ஹாடோவில் கப்பலேறி சென்னை போகிறான், அக்கா கல்யாணம். பதினஞ்சு நாள் லீவு.

"என்னப்பா இது? மொய்யா? நானில்ல உனக்கு வைக்கணும்!" என்றேன்.

"இல்ல சார், என் யூசர் ஐடி, பாஸ்வேர்டு. நான் கப்பல்ல இருக்கப்ப மூணு நாள் போன் கிடைக்காது. ஏதாவது அவசரம்னா நீங்க பாத்துக்கங்க."

கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பையன் முகம் சுண்டிப் போச்சு. "என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?" என்றான். (ஆபீஸில் சார், மனசு கஷ்டப்பட்டால் அண்ணே. நம்ம ஊர்ப் பழக்கம் கடல் தாண்டினாலும் மாறாது.)

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது கையில் வைத்துக்கொண்டு படியுங்கள் மக்களே :-)

முதலில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நம்ம நாட்டு ஆபீஸ்களில், பேங்க்கோ தாலுகா ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, கம்ப்யூட்டரில் இருக்கிற பொதுக் கணக்குக்குள் யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்று விதி இல்லாமல் இல்லை. பக்கம் பக்கமாக இருக்கிறது. "பாஸ்வேர்டைப் பகிராதீர்" என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த விதிகள் எல்லாம் பாஸ்வேர்டைக் கொடுத்தவனைத்தான் பிடிக்கும். கேட்டவனைப் பிடிக்காது. பாஸ்வேர்டு கேட்கிறவன் எப்போதும் மேலே இருக்கிறவன், கொடுக்கிறவன் கீழே இருக்கிறவன். அப்புறம் எப்படி நிற்கும் இந்தப் பழக்கம்?

நம்ம விழுப்புரம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் தமிழ்நாட்டையே கலக்கின பிஎம் கிசான் மோசடி ஞாபகம் இருக்கும். விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000, 2,000 என்று நேரே வங்கிக் கணக்குக்கு வரும் மத்திய அரசுத் திட்டம். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. யார் பயனாளி என்று சரிபார்த்து ஏற்றுவது மாநில அதிகாரிகளின் வேலை. அதற்கு அவர்களுக்கு ஒரு யூசர் ஐடி, ஒரு பாஸ்வேர்டு.

என்ன நடந்தது? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம், தர்மபுரி என்று மாவட்டம் மாவட்டமாக, ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் எல்லாம் விவசாயி ஆகிவிட்டார்கள். ஆகஸ்டில் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம் கூட்டமாகப் பெயர்கள் ஏறியதை வைத்துத்தான் சந்தேகமே வந்தது. அப்போது வேளாண் துறை முதன்மைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் பத்திரிகையாளர்களிடம் சொன்ன கணக்கு: 110 கோடி ரூபாய் தகுதியில்லாதவர்களுக்குப் போயிருக்கிறது, அதில் 32 கோடி மீட்கப்பட்டிருக்கிறது, 80 பேர் வேலை நீக்கம், 34 பேர் இடைநீக்கம், 18 பேர் கைது. எப்படி நடந்தது என்பதையும் அவரே சொன்னார். அதிகாரிகளுக்குக் கொடுத்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் தரகர்கள் கைக்குப் போயிருந்தன. அவ்வளவுதான். யாரும் சுவரில் ஓட்டை போடவில்லை. ரஷ்யாவிலிருந்து எந்த ஹேக்கரும் வரவில்லை. சாவியைக் கொடுத்தார்கள், கதவைத் திறந்தார்கள்.

இதில் எங்க சின்னம்மாவும் ஒரு 'விவசாயி' :-( அம்மாவுக்குத் தங்கச்சி. நிலம் என்றால் வாசலில் வைத்திருக்கிற துளசி மாடம்தான். யாரோ வந்து "கொரோனா பணம்" என்று ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் ஜெராக்ஸும் வாங்கிப் போயிருக்கிறார்கள். 4,000 வந்தது. வாங்கிக் கொடுத்தவனுக்கு 1,000 கமிஷன். கொஞ்ச நாளில் மொத்த 4,000-ஐயும் கணக்கிலிருந்து அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் அவள் களை பறித்துச் சேர்த்த காசும் போச்சு. நான் அப்போது ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் உத்தியோகம். போனில் அழுதாள்: "பேங்க்குலதானடா நீ இருக்கிற, எங்காச எப்பிடிடா எடுக்கலாம்?" நிலமில்லாத கிழவிக்கு அந்த 1,000 ரூபாய் நஷ்டம். பாஸ்வேர்டைக் கொடுத்த அதிகாரியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

நான் பி.காம் படித்தபோது மூன்றாம் வருஷம் ஆடிட்டிங் பாடத்தில் 'உள்காப்பு' என்று ஒரு தலைப்பு வரும். ஒருத்தர் செய்த வேலையை இன்னொருத்தர் தன் வேலையைச் செய்யும்போதே தானாகச் சரிபார்த்துவிடுகிற மாதிரி வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பணம் வாங்குகிறவர் வேறு, பேரேட்டில் எழுதுகிறவர் வேறு. பத்து மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதினேன். புரிந்தது வங்கியில் சேர்ந்த பிறகுதான்.

ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஒருத்தரிடம், இன்னொன்று இன்னொருத்தரிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். எந்த மேனேஜராவது "தம்பி, நீ லீவுல போறப்ப உன் சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போ, ரெண்டையும் நானே வெச்சுக்கறேன்" என்று கேட்பாரா? கேட்டால் அன்றைக்கே மேலிடத்துக்குத் தகவல் போகும். சாவியை வேறொருத்தரிடம் எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம். கம்ப்யூட்டரில் பதிவு போடுகிறவர் ஒருத்தர், அதை ஆதரைஸ் செய்கிறவர் இன்னொருத்தர் என்று வைத்திருப்பதும் இதே இரட்டைச் சாவிதான். இரும்பு கண்ணுக்குத் தெரிகிறது, பாஸ்வேர்டு தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ட்ராங் ரூமுக்குள் இருக்கும் ரொக்கத்தைவிட அந்தப் பாஸ்வேர்டு வழியாகப் போகக்கூடிய பணம் பல மடங்கு என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஒரே ஆளிடம் இரண்டு சாவியும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூர்வாசிகளுக்கு உதாரணம் சொல்ல வேண்டாம். 1762-இல் தொடங்கின பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் கவிழ்ந்தது. சிங்கப்பூரில் வியாபாரம் செய்கிற பக்கமும் அதைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கிற பக்கமும் நிக் லீசன் என்ற ஒரே ஆளின் கையில். நஷ்டத்தை எல்லாம் 88888 என்று ஒரு கணக்கில் ஒளித்து வைத்தார். 82 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம். இங்கிலாந்து ராணிக்கே வங்கியாக இருந்தது கடைசியில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

நம்ம நாட்டில் 2018 பிப்ரவரியில் வெளியே வந்த பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரமும் அதே குடும்பம்தான். மும்பையில் ஒரே கிளை. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் ஒரு பக்கம், வங்கியின் கணக்குகள் இருக்கும் கோர் பேங்கிங் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இணைப்பில்லை. அங்கே செய்தி போகும், இங்கே பதிவே இருக்காது. அந்த வேலையில் ஒருத்தர் 2010-லிருந்து 2017-இல் ஓய்வு பெறும்வரை ஏழு வருஷம் ஒரே நாற்காலியில். முதலில் சொன்ன தொகையே சுமார் 11,400 கோடி, பிறகு அது 13,000 கோடியைத் தாண்டியது.

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதுவரை வீட்டுக்காரம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2017. வடக்கே ஒரு சின்ன ஊர்க் கிளை. ஊர் பெயர், வங்கி பெயர் எல்லாம் வேண்டாம். தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா, தாய்மாமன் சீர் என் பொறுப்பு. பத்து நாள் லீவில் விழுப்புரம் வந்திருந்தேன். மேளம் முன்னே போக, தட்டு தூக்கிக்கொண்டு தெருவில் போகிறோம். போன். மேனேஜர். "உன் பாஸ்வேர்டு சொல்லுப்பா, ஒரு கஸ்டமர் நிக்கிறார், ஆதரைஸ் பண்ண ஆளில்ல." தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, மேளச் சத்தத்தில் கத்திச் சொன்னேன். (என் பெண்ணின் பெயரும் அவள் பிறந்த வருஷமும். சிரிக்காதீர்கள், உங்களுடையதும் அதுதான்.)

திரும்பிப் போய் மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். இரண்டு லட்ச ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டுக்கு வட்டி வரவில்லை என்றார். பார்த்தால் டெபாசிட்டே இல்லை. முன்கூட்டியே முடிக்கப்பட்டு வேறொருத்தர் கணக்குக்குப் போயிருக்கிறது. வவுச்சரில் கையெழுத்து அவருடையது இல்லை. பதிவு போட்டது கவுண்ட்டரில் இருந்த பெண். ஆதரைஸ் செய்தது நான். தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது, மாலை 3.40. அந்த நேரத்தில் நான் விழுப்புரத்தில் சீர்த் தட்டோடு நிற்கிறேன்!

விசாரணை வந்தது. லீவில் இருந்ததால் நான் செய்யவில்லை என்பது நிரூபணம். அந்தப் பெண் சொன்னாள், "மேனேஜர் சொல்லித்தான் பதிவு போட்டேன், கஸ்டமர் கேபினில் இருக்கிறார் என்றார்." மேனேஜர் சொன்னார், "நான் சொல்லவேயில்லை. இவருக்குப் போன் போட்டது விசேஷம் நல்லபடி நடக்கிறதா என்று விசாரிக்க."

என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "நான் தட்டச்சு செய்யும்போது யாராவது பாஸ்வேர்டைப் பார்த்திருக்கக்கூடும்."

ஏன் அப்படி எழுதினேன்? ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேஜையில் இருந்தது. என் ரகசிய அறிக்கையை எழுதுகிறவரும் அவர்தான். பயம். வேறு அழகான வார்த்தை எதுவும் இல்லை.

பெரியவருக்கு நாலு மாசம் கழித்து வங்கி பணத்தைத் திரும்பக் கொடுத்தது. எனக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு இன்கிரிமென்ட்டும் போய், கைக்குழந்தையோடு இருநூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றல். மேனேஜர் மேல் எதுவும் நிற்கவில்லை, அடுத்த வருஷம் பிரமோஷனில் போனார். நான் மட்டும் "அவர் கேட்டார், நான் கொடுத்தேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவளுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். மாற்றலும் ஊருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கடலே தாண்டிவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள். பாஸ்வேர்டைக் கொடுத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன், தண்டனையும் நியாயம். ஆனால் விதிப் புத்தகத்தில் "கேட்டது" என்ற குற்றம் கொட்டை எழுத்தில் இருந்திருந்தால் அவர் போனில் கேட்டிருப்பாரா? கேட்டாலும், "சார், கேட்கிறதே குற்றம், எனக்குச் சங்கடம் வேண்டாம்" என்று சொல்ல எனக்கு ஒரு தடியாவது கையில் இருந்திருக்கும்.

வழக்கமாக வருகிற எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"ஆள் பற்றாக்குறை சார், வேலை நின்றுவிடும்." ஆள் இல்லை என்பது உண்மை, நானே தினமும் படுகிறேன். ஆனால் ஒரு ஆளின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு இரண்டு ஆள் வேலையை ஒருத்தர் செய்தால் மேலிடத்துக் கணக்கில் இரண்டு பேர் வேலை பார்ப்பதாகத்தானே தெரியும்? அப்புறம் எந்தக் காலத்தில் ஆள் போடுவார்கள்? பற்றாக்குறையை மறைத்துக் கொடுப்பதே இந்தப் பழக்கம்தான்.

"தீவு சார், லிங்க் கிடைக்காது, போன் கிடைக்காது." ஒரு காலத்தில் இது நியாயமான பேச்சு. சாட்டிலைட் ஒன்றை நம்பித்தான் அந்தமான் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) மற்ற தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வந்துவிட்டது. அதே மாசத்தில்தான் அங்கே விழுப்புரத்தில் பாஸ்வேர்டு மோசடி வெளியே வந்தது என்பது விதியின் விளையாட்டு. லிங்க் வந்துவிட்டது, பழைய சால்ஜாப்பு மட்டும் இன்னும் கப்பலேறவில்லை.

"கைரேகை வைத்தாச்சே, இனி எங்கே பகிர்வது?" வைத்தார்கள், நல்லதுதான். ஆனால் "சார், ஒரு விரல் வைங்க" என்று கூப்பிட, திரையைப் பார்க்காமலேயே காபியைக் குடித்துக்கொண்டு விரலை வைத்துவிட்டுப் போகிற ஆபீசர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கைரேகை இல்லை, கைநாட்டு.

"கூட வேலை செய்கிறவனை நம்பாமல் எப்படி?" இதுதான் இருப்பதிலேயே மோசமான வாதம், ஏனென்றால் நல்லவர்களை மடக்குகிற வாதம். ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் ஒரு உத்தரவு போட்டது. முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு முறை குறைந்தது பத்து வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய லீவில் அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடக்கூடாது. ஏன்? ஒருத்தன் மறைத்து வைத்தது, அவன் நாற்காலியில் வேறொருத்தன் உட்காரும்போதுதான் வெளியே வரும். இந்த ஏற்பாடு எல்லோரையும் திருடன் என்று சொல்லவில்லை. நல்லவனுக்கு "நான் அங்கே இல்லை" என்று காட்ட ஒரு அத்தாட்சி கொடுக்கிறது. லீவில் போனவனின் பாஸ்வேர்டு ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அத்தாட்சிக்கு என்ன மதிப்பு?

ஆகவே என் கோரிக்கை நாலே நாலு.

ஒன்று, பாஸ்வேர்டு கேட்பது கொடுப்பதைவிடப் பெரிய குற்றம் என்று விதியில் எழுதுங்கள். கேட்டதை எழுத்தில் தெரிவிக்கிறவனுக்குப் பாதுகாப்பு கொடுங்கள், அவன் அறிக்கையை எழுதும் வேலையை அந்த மேலதிகாரியிடமிருந்து எடுங்கள்.

இரண்டு, லீவில் போகிறவரின் அதிகாரத்தை இன்னொருத்தரின் சொந்த ஐடிக்கு, இத்தனை நாள் மட்டும் என்று தேதி போட்டு மாற்றிக் கொடுங்கள். தேதி முடிந்ததும் தானாக அணைந்துவிட வேண்டும்.

மூன்று, வருகைப் பதிவேட்டையும் கம்ப்யூட்டர் நுழைவுப் பதிவையும் மாசம் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லீவில் இருப்பவர் பெயரில் வேலை நடந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், பத்தாங்கிளாஸ் படித்த பையன் போதும்.

நாலு, ஒப்பந்த ஊழியர் என்றாலும் அவருக்கென்று தனி ஐடி, அவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். மாற்றலில் போனவர் ஐடியை அவருக்கு மாலை போடுகிற அன்றே மூடுங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம்ம மக்களுக்கும் ஒன்று. ஊரில் இருக்கிற அப்பாவின் பென்ஷன் கணக்கு பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுப் பையன், பிரவுசிங் சென்டர்க்காரர் என்று நீளும். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு 20,000 காணாமல் போனால் நாலு பேர் மேலும் சந்தேகம் வரும், நாலு பேரும் சொந்தக்காரர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உறவில் விழுகிற விரிசலுக்கு எந்த வங்கியும் பதில் சொல்லாது.

அந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலமே ஐடி பிரிவுக்கு மெயில் போட்டோம். அவன் அதிகாரத்தைப் பதினஞ்சு நாளைக்கு இன்னொரு ஆபீசர் ஐடிக்கு மாற்றினார்கள். மொத்தம் நாற்பது நிமிஷம். இத்தனை வருஷம் நாங்கள் பிழைப்பாகப் பிழைத்தது அந்த நாற்பது நிமிஷத்தை மிச்சப்படுத்தத்தான்!

கவரை என் கண் முன்னாலேயே கிழித்தான். வெற்றிமலை முருகன் கோயிலில் அக்கா பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு மறுநாள் கப்பலேறினான். போகும்போது கேட்டான், "ஏண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட அப்புறம் பேசினீங்களா?"

இல்லை. எட்டு வருஷத்துக்கு மேலாச்சு. நம்பர் இருக்கிறது. இதைப் பேசுவதற்கு முதல் வார்த்தைதான் இன்னும் கிடைக்கவில்லை.